திருப்பிப் போட்டு அறு

அவர் யாரையாவது அடிக்காமல் ஒரு வாரம் முழுசாகப் போனதாக எனக்கு நினைவில்லை. கிள்ளான் பக்கம் மேருவில் நான் வேலை செய்த மர ஆலைக்கு அவர்தான் மண்டோர், வேலையாட்களுக்கு மேஸ்திரி. லோரி ஓட்டி வந்தவனை அடிப்பார், ரம்பம் ஓட்டுகிறவனை அடிப்பார், மரம் விற்க வரும் ஏஜெண்டை அடிப்பார். ஆள் அகப்படாவிட்டால் மரத்தை அடிப்பார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆலையிலும் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மண்டோர் என்றால் போதும்.

குள்ளமான ஆள். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. காலையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய கறுப்புக் கோப்பியோடு வந்து, அதைத் தூணில் இருக்கும் ஆணியில் மாட்டுவார். லோரியிலிருந்து மரங்களை இறக்கி வரிசையாகப் போட்டதும் கோடாரியைத் திருப்பிப் பிடித்து ஒவ்வொரு மரத்தின் வெட்டுமுகத்திலும் ஓங்கி ஓர் அடி அடிப்பார். பிறகு குனிந்து, மரத்தின் நடுப்புள்ளி நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கிறதா என்று பார்ப்பார். நடுவில் இருந்தால் "நல்ல பிள்ளை" என்பார். தள்ளியிருந்தால் அந்த மரத்தின் தாயைத் திட்டுவார். நல்ல பிள்ளைக்கு வெள்ளையில் ஒரு கோடு, மற்றதற்குச் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. குறி போடும் வேலை என்னுடையது.

எங்களுக்கு வந்ததெல்லாம் பகாங் பக்கம் நட்டு வளர்த்த காட்டு மரங்கள். அக்கேசியாவும் ரப்பரும். காட்டு மரம் என்றால் தானாக முளைத்துத் தானாக வளர்வது என்று நினைத்துக்கொண்டுதான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். இங்கே நாற்று நடுவதும், இடைவெளி விடுவதும், நெருக்கமாக வளர்ந்தால் நடுநடுவே வெட்டி விலக்குவதும், கிளை கழிப்பதும் எல்லாம் ஆள் வைத்துச் செய்கிற வேலை. மண்டோர் இளம் வயதில் அந்த வேலையில்தான் இருந்தார். ஆகவே ஒரு மரத்தை அறுக்கும் முன்பே அது எப்படி வளர்க்கப்பட்டது என்று சொல்லிவிடுவார். உள்ளே கறுத்துப் போயிருந்தால், "பட்ட கிளைய நேரத்துல கழிக்கல, சோம்பேறிப் பய" என்று, பார்த்தே இராத எவனையோ திட்டுவார். அவன் மட்டும் எதிரே நின்றிருந்தால் உயிரோடு போயிருக்க மாட்டான்.

சிவப்புக் குறி வாங்கிய மரத்தை அறுக்க அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். ஒரு பக்கத்தில் ஒரு பலகை எடுத்தால், மரத்தைப் புரட்டி எதிர்ப்பக்கத்தில் ஒரு பலகை எடுக்க வேண்டும். மறுபடி புரட்ட வேண்டும். "திருப்பிப் போட்டு அறு" என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருப்பார். புரட்டிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது என்பது ஆலை முதலாளியான தவுக்கேயின் எரிச்சல், முதுகு போய்விடும் என்பது அறுக்கிறவர்களின் எரிச்சல். இரண்டையும் மண்டோர் காதில் போட்டுக்கொண்டதில்லை.

எதற்கு இந்தப் புரட்டல் என்று ஒரு நாள் கேட்டேன். ஆலையில் பெண்களிடம் அவர் கை ஓங்கியதில்லை, அந்தத் தைரியம்தான்.

"காட்டுக்கு நடுவுல நிக்கிற மரம் வெளிச்சத்துக்கு மேல மட்டும்தான் பாக்கும், தங்கச்சி. நேரா போயிரும். ஓரத்து மரத்துக்கு ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் லோரி ரோடு. வெளிச்சம் ரோட்டுப் பக்கம். அங்க சாயும். சாஞ்சது விழாம நிக்கணும்ல? மேல்பக்கத்த கயிறு கட்டின மாதிரி இழுத்துப் பிடிச்சுக்கும். அந்த இழுப்பு ஆயுசுக்கும் உள்ளயே இருக்கும். வெளிய தெரியாது. நீ அறுக்கிற அன்னிக்குத்தான் விடும்."

"விட்டா?"

"எதிர்ல யாரு நிக்கிறாங்களோ அவங்க மேல விடும்."

இழுப்பு மரம் என்பது அவர் வைத்த பெயர். அதை அறுத்தால் பலகை பட்டுத்துணி போல மினுங்கும். தெரியாதவர்கள் அதைத்தான் தடவிப் பார்த்து அழகு என்பார்கள். ஓரத்தில் வெளிச்சம் நிறையக் கிடைத்த மரம் பருத்தும் இருக்கும், அதனால் புதிதாக வந்தவர்கள் முதலில் அதைத்தான் பாய்ந்து பிடிப்பார்கள். பிறகு காய வைக்கும் அறையிலிருந்து அந்தப் பலகை முறுக்கிக்கொண்டு வெளியே வரும்.

ஒரு ஏஜெண்ட், நடு தள்ளிய மரங்களின் முகத்தில் கறுப்புச் சாயம் கலந்த மெழுகைப் பூசிக்கொண்டு வந்தான். வெட்டுமுகம் வெடிக்காமல் இருக்க மெழுகு பூசுவது வழக்கம்தான், சாயம் கலப்பது வழக்கமில்லை.  மண்டோர் கோடாரியால் மெழுகைச் சுரண்டினார். அந்த ஆளின் பிடரியைப் பிடித்து, முகத்தை அந்த வெட்டுமுகத்தில் ஓங்கி இடித்தார். மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. "நல்லா பாருலா. நடு எங்க இருக்குன்னு விரல வெச்சுக் காட்டு" என்றார். ஏஜெண்ட் ரத்தம் ஒழுக ஒழுக விரலை வைத்துக் காட்டினான். "சரி, போ" என்று விட்டுவிட்டு வந்து கோப்பியை உறிஞ்சினார். 

இன்னொரு நாள் தவுக்கே வெளியூர்க்காரர்களைக் கூட்டி வந்து ஆலையைக் காட்டிக்கொண்டிருந்தார். ரம்பத்தில் நின்றவன் நேபாளி. நல்ல வேலைக்காரன், ஆனால் வந்தவர்கள் முன்னால் வேகம் காட்டும் ஆசை வந்துவிட்டது. சிவப்புக் குறி போட்ட பருத்த மரத்தைப் புரட்டாமல் ஒரே பக்கமாகப் பலகை பலகையாக எடுத்தான். மண்டோர் தூரத்திலிருந்து பார்த்து ஓடி வருவதற்குள் மரம் வளைந்து ரம்பத்தைக் கடித்துக்கொண்டது. ரம்பப் பட்டை அறுந்து மேலே போய்த் தகரக் கூரையைக் கிழித்துக் கீழே வந்தது. வரும் வழியில் அவன் காதின் மேல்பாதியை எடுத்துக்கொண்டு வந்தது. மண்டோர் முதலில் செய்தது அவனை அறைந்ததுதான், முழுக் காது இருந்த பக்கம். அப்புறம்தான் அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு காருக்கு ஓடினார். கிள்ளான் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை திட்டிக்கொண்டும், ஒரு கையால் அவன் காதைத் துணியால் அழுத்திக்கொண்டும் போனாராம். பக்கத்தில் உட்கார்ந்து போனவன் சொன்னான்.

இப்படிப்பட்டவரை மதிப்பதா, காறித் துப்புவதா என்று எனக்குப் புரிந்ததே இல்லை. கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கால் ரோட்டோர மரம்லா" என்று கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த மாப்பிள்ளையின் மாமா மல்லாக்க விழுந்தார். அன்று நானும் வாய்விட்டுச் சிரித்தேன். அது ஒன்றுதான் அவரால் நான் சிரித்த சிரிப்பு.

இனி என் கதையைச் சொல்லாமல் அவர் கதை நகராது. என் வீட்டுக்காரர் அதே ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஆலையிலேயே நல்ல மனிதர் யார் என்று கேட்டால் எல்லாக் கையும் அவரைத்தான் காட்டும். எல்லாரையும் அண்ணே, பாஸ் என்று சிரித்த முகமாகக் கூப்பிடுவார். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் கஞ்சி வாங்கிக்கொண்டு போவார். வீட்டுக்குள் நுழைந்து கதவைத் தாழ் போட்டதும் அந்தச் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டுதான் என்னை அடிப்பார். குழம்பில் உப்பு, கட்டிலில் போர்வை, நான் பேசியது, நான் பேசாதது எல்லாமே காரணம்தான். முகத்தில் அடிக்க மாட்டார், அவ்வளவு கெட்டிக்காரர். ஒரு முறை கழுத்தைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் அழுத்தினார். அடுத்த முறை விட மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. யாரிடம் சொன்னாலும், "அவரா? சேச்சே" என்பார்கள். அதனால் சொல்லவில்லை.

ஒரு காலை மண்டோர் வழக்கம்போல மரத்தை அடிக்கக் கோடாரியை ஓங்கினார். நான் பக்கத்தில் சாயக்கட்டியோடு நின்றிருந்தேன். அவர் கோடாரி மேலே போனதும் நான் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியாது. உடம்பு தானாகச் செய்தது. ஓங்கிய கோடாரி அந்தரத்தில் நின்றது. அவர் அதை மெதுவாக இறக்கிக் கீழே வைத்தார்.

"எந்திரி" என்றார். எழுந்தேன்.

"அடின்னா பயந்தவங்க பின்னால குதிப்பாங்க. அடி வாங்கிப் பழகினவங்கதான் உக்காருவாங்க."

நான் கீழே விழுந்த சாயக்கட்டியைப் பொறுக்கினேன்.

"என் வீட்டுலயும் அவ இப்படித்தான் உக்காருவா" என்றார். "ரெண்டு பல்லு போச்சு அவளுக்கு. நான்தான். ஒரு நாள் போய்ட்டா. எங்க போனான்னு தெரியல."

என் முன்னால் நின்றவரை அப்போது எனக்கு அவ்வளவு வெறுப்பாக இருந்தது. என் புருஷனைப் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. தூரத்தில் ஃபோர்க்லிஃப்டில் யாருக்கோ கையசைத்துச் சிரித்துக்கொண்டு போன என் வீட்டுக்காரரைப் பார்த்தார். மினுங்கும் பலகையைப் பார்க்கிற அதே பார்வை.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு விளங்காமல் போனது. எல்லாரையும் அடிக்கும் மனிதர் என் வீட்டுக்காரர் மேல் மட்டும் விரல்கூட வைக்கவில்லை. தவுக்கேயிடம் சொல்லி அவரைப் போர்ட் கிள்ளான் கிடங்குக்கு மாற்றினார். அவர் வீட்டுக்கு வந்து சேரும் நேரம் தள்ளிப்போனது. பிறகு எனக்கு ஓவர்டைம் என்று ஒரு பொய் சொல்லி, வாரத்தில் பாதி நாள் ஆலைக்குப் பின்னால் இந்தோனேசியப் பெண்கள் தங்கியிருந்த அறையில் தங்க வைத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்டால்தானே? எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நேரா போலீசுக்குக் கூட்டிட்டுப் போங்க, இல்லன்னா சும்மா இருங்க. எதுக்கு இந்த இழுவை?"

"நெருக்கத்துல வளர்ந்த மரத்தச் சுத்தி ஒரே நாள்ல வெட்டி எடுத்தா, தனியா நின்ன மரம் அடுத்த காத்துல விழும். நான் பாத்திருக்கேன். கொஞ்சம் கொஞ்சமாத்தான் விலக்கணும்."

"நான் என்ன அக்கேசியாவா?"

"நீ நடுக்காட்டு மரம். நேரா வளர்ந்தவ. தாங்குவே. கொஞ்சம் பொறு" என்றார்.

பொறுத்தேன். அந்தப் பொறுமைக்கு நான் கொடுத்த விலை கிழிந்த உதடு. நான் அறையில் தங்குவது பிடிக்காமல், முதல் முறையாக என் வீட்டுக்காரர் முகத்தில் அடித்தார். மறுநாள் என் வாயைப் பார்த்த மண்டோர் சிவப்புக் குறி போட்ட ஒரு மரத்தைக் கோடாரிக் காம்பு முறிகிறவரை அடித்தார். சில்லு தெறித்து அவர் நெற்றியில் ரத்தம் வந்தது. நான் போய் எதிரே நின்று கேட்டேன்.

"எல்லாரையும் அடிக்கிறீங்க. அவர மட்டும் ஏன்ணே விடுறீங்க? பயமா?"

"ஆமா, பயம்தான். அவன நான் அடிச்சா அது எங்க வந்து விழும்? சொல்லு. சாயந்தரம் உன் மேலதான் விழும்."

அந்த நிமிடம்தான் இந்த ஆளுக்கு அடியைத் தவிர வேறு ஏதோவும் தெரியும் என்று எனக்குப் பட்டது. அன்றே என் துணிமணிகளை எடுத்துக்கொண்டு முழுசாக அந்த அறைக்கே வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மறுநாள் உச்சிப் பொழுதில் ஆலைக்கு வந்தார். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணே, சாப்டாச்சா?" என்று சிரித்தபடி மண்டோரிடம் கேட்டார். கேட்டுக்கொண்டே, மரம் புரட்டுகிற இரும்புக் கொக்கியை ஓரத்திலிருந்து எடுத்து மண்டோரின் விலாவில் வீசினார். மண்டோர் முட்டி போட்டு விழுந்து எழுந்தார். அவர் கை முஷ்டியாக மூடியதை நான் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தரும் நகரவில்லை, ஏனென்றால் அடுத்த அடியில் மண்டோர் இவனைக் கொன்றுவிடுவார், நாம் எதற்கு நடுவில் போக வேண்டும் என்றுதான் அத்தனை பேரும் நின்றார்கள். மண்டோர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு முஷ்டியைத் திறந்து கையைத் தொங்கவிட்டார்.

"அவ வீட்டுக்கு வர மாட்டா" என்றார். "உனக்குள்ள எவ்ளோ இருக்கோ எல்லாத்தையும் இங்கயே எறக்கிட்டுப் போ."

இரண்டாவது வீச்சு முகத்தில் விழுந்தது. கொக்கியின் நுனி இடது கண்ணில் இறங்கியது. மண்டோர் கத்தவில்லை, கையைத் தூக்கவும் இல்லை. என் புருஷன் சிரித்த முகம் மாறாமலே மறுபடி ஓங்கினார். அப்போதும் ஆட்கள் மண்டோரின் கைக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். என் பக்கத்தில் கிடந்த ரப்பர் கட்டையை எடுத்தேன். பின்னாலிருந்து என் புருஷனின் முழங்காலில் அடித்தேன். விழுந்தார். தோளில் அடித்தேன், முதுகில் அடித்தேன், எந்தெந்த இடத்தில் நான் வாங்கினேனோ அந்தந்த இடத்தில் அடித்தேன். என்னைப் பிடித்து இழுத்தது காதறுந்த நேபாளி. இல்லாவிட்டால் நான் நிறுத்தியிருக்க மாட்டேன்.

போலீஸ் வந்தபோது என் வீட்டுக்காரர் தரையில் கிடந்தபடியே, வந்த அதிகாரிக்குப் பட்டம் கொடுத்து, "டத்தோ, இவங்க எல்லாம் சேர்ந்து என்னை..." என்று நல்ல பிள்ளையாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் இந்த முறை அது எடுபடவில்லை. கஞ்சி வாங்கிக் குடித்தவர்கள் அத்தனை பேரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் என் முதுகையும் பார்த்து எழுதினார். என் வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போனார். நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் தலை முழுக்கக் கட்டோடு படுத்திருந்த மண்டோரைப் பார்க்கப் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன், அவர் முந்திக்கொண்டார்.

"நீ அடிப்பேன்னு நான் நினைக்கவே இல்ல" என்றார். "உன்ன நல்ல பிள்ளைன்னு வெச்சிருந்தேன்."

"என் நடுவ யாரு பாத்தா?" என்றேன்.

சிரிக்கப் போய், விலா வலித்து, ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். எனக்கு நாக்கு சும்மா இருக்காது. "இப்படி அடங்கி நிக்க உங்களுக்குத் தெரியுதுல்ல, உங்க வீட்டுல ஏன்ணே தெரியாம போச்சு?" என்று கேட்டுவிட்டேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் கிளம்பும்வரை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கண் போனதால் அவர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு கண்ணோடும் அடித்தார். குறி தப்பி, குற்றம் செய்யாதவனுக்கும் சேர்த்து விழுந்தது. நான் சாலாக் செலாத்தானில் ஒரு வாடகை அறை பிடித்துக்கொண்டு வேறு ஆலைக்கு மாறினேன். போன வருடம் அவர் தூக்கத்திலேயே செத்துப்போனார் என்று செய்தி வந்தது. யாருடைய கையாலும் இல்லை என்பதுதான் எல்லாருக்கும் ஆச்சரியம்.

நான் போனபோது ஆலைக்குப் பின்னால், அவர் தங்கியிருந்த அறைக்கு வெளியே கொட்டகை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். பெட்டியின் மூடியில் பெரிய கணு ஒன்று இருந்தது. "மண்டோர் எந்திரிச்சா பெட்டிக்காரன் செத்தான்" என்று யாரோ சொல்ல, அந்த இடத்திலும் சிரித்தார்கள். அவருக்கு என்று அழ ஆள் இல்லை. அப்போது வயதான பெண்மணி ஒருவர் தனியாக வந்து ஓரமாக நின்றார். யார் என்று எனக்குத் தெரியவில்லை. மடக்கு நாற்காலி கொண்டு வந்த ஒரு ஆள் கூட்டத்தில் இடிக்காமல் இருக்க அதை அந்தப் பெண்மணியின் தலைக்கு மேலே சட்டென்று தூக்கினான். அந்த அம்மா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

 ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் தூக்கினேன். வாய் திறந்தபோது மேல் வரிசையில் இரண்டு பல் மட்டும் மற்றதைவிட வெள்ளையாக இருந்தது, கட்டிய பல். என் கையை விடாமல் பெட்டிவரை வந்து மண்டோரின் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"உன்னையும் அடிச்சாரா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. எனக்காக அடி வாங்கினாரு."

"இந்தக் கண்ணா?"

"ஆமாக்கா."

அவர் தலையை ஆட்டினார். குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

"எனக்காக யாருமே வாங்கலையே" என்றார்.

நான் ஏதாவது சொல்வதற்குள் என் கையை விட்டுவிட்டு, வெளியே குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போனார்.